கம்பியைப் பிடித்து ஏறுகிற மலை: பெயர் ஒருவருக்கு, வேலை இன்னொருவருக்கு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பிக்காச்சோ பீக் என்று ஒரு மலை இருக்கிறது. ஸ்பானிய மொழியில் பிக்காச்சோ என்றால் கூரான மலையுச்சி. ஆங்கிலத்தில் பீக் என்றாலும் உச்சிதான். எங்கட ஆக்கள் 'நடுசென்டர்' எண்டு சொல்லுற மாதிரி, அந்த மலையின் பெயர் 'உச்சி உச்சி'. ஸ்பானிய மொழி பேசியவர்கள் விட்டுச்சென்ற பெயரோடு, பிறகு வந்தவர்கள் தங்கட சொல்லையும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கு. ஆனால் இந்த மலையில் பெயர்ப் பிரச்சினை இதோடு முடியவில்லை.

முதலில் மலையைப் பார்ப்போம். பீனிக்ஸ் நகரத்துக்கும் டூசான் நகரத்துக்கும் இடையில் ஓடுகிற பெருந்தெருவில் போனால் இந்த மலையைக் காணாமல் போக ஏலாது. கடல் மட்டத்திலிருந்து 3,374 அடி உயரம். சுற்றியிருக்கும் பாலைநிலத்திலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட 1,500 அடி நிமிர்ந்து நிற்கும். பழைய எரிமலைக் குழம்பு இறுகிய பாறை அது. அடிவாரம் முழுக்க சகுவாரோ என்கிற உயரமான கள்ளிமரங்கள். நல்ல மழை பெய்த வருடங்களில், வசந்த காலத்தில் மஞ்சள் பொப்பிப் பூக்கள் நிலத்தை மூடிவிடும். கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் என்பதால் அப்போது ஏற வேண்டாம் என்பார்கள்.

உச்சிக்குப் போகும் முக்கியமான வழியின் பெயர் ஹன்டர் பாதை. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 3.2 கிலோமீற்றர்தான், ஆனால் லேசுப்பட்ட வழி இல்லை. முதலில் வளைந்து வளைந்து ஏறி, இரண்டு முகடுகளுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்துக்கு வர வேண்டும். அங்கே உச்சி வந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பாதை மற்றப் பக்கத்தால் செங்குத்தாகக் கீழே இறங்கும். பாறையில் அடித்துப் பொருத்திய உருக்குக் கம்பிவடங்களைப் பிடித்துப் பிடித்து இறங்கி, பிறகு அதே மாதிரிக் கம்பியைப் பிடித்துத் திரும்ப ஏற வேண்டும். சில இடங்களில் கால் வேலையைவிடக் கை வேலை அதிகம். கையுறை இல்லாமல் போனால் உள்ளங்கை உரிந்துவிடும். ஏறுகிற ஒருவருக்கு அந்த இடத்தில் நம்பிக்கை என்றால் அந்தக் கம்பி மட்டும்தான்.

இப்போது கேள்விக்கு வருவோம். இந்தப் பாதைக்குப் பெயர் கொடுத்த ஹன்டர் யார்? பாதையை வெட்டியவரா? இல்லை. முதலில் மலையேறியவரா? அதுவும் இல்லை. அவர் கப்டன் ஷெரட் ஹன்டர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் கூட்டமைப்பின் படை அதிகாரி. அடிமைமுறையைக் காப்பாற்றுவதற்காகப் பிரிந்துபோன மாநிலங்களின் கூட்டமைப்பு அது.

1862 பெப்ரவரி 14 அன்று கூட்டமைப்பின் ஜனாதிபதி ஜெபர்சன் டேவிஸ், அரிசோனாவைத் தங்களுடைய பிரதேசமாக அறிவித்தார். பாலைவனத்தில் இவர்களுக்கு என்ன வேலை? வரைபடத்தை எடுத்துப் பாருங்கோ, விளங்கும். அரிசோனாவுக்கு அங்கால கலிபோர்னியா. அங்கே தங்கம் இருந்தது, பசிபிக் துறைமுகங்கள் இருந்தன. அந்த மாத இறுதியிலேயே ஹன்டர் தன் குதிரைப்படையோடு டூசானுக்குள் வந்துவிட்டார். கலிபோர்னியாவிலிருந்து ஒன்றிய அரசின் படை ஒன்று கிழக்கே நகரத் தொடங்கியது. இரண்டுக்கும் நடுவில் பிக்காச்சோ கணவாய்.

1862 ஏப்ரல் 15. ஒன்றியப் படையின் லெப்டினன்ட் ஜேம்ஸ் பரெட், 12 குதிரைவீரர்களோடும் ஒரு வழிகாட்டியோடும் கணவாய்க்கு வருகிறார். பின்னால் வரும் பெரிய அணி சேரும்வரை மோத வேண்டாம் என்பது அவருக்கு இடப்பட்ட கட்டளை. ஆனால் அங்கே காவலுக்கு நின்ற கூட்டமைப்பு வீரர்கள் 10 பேரைக் கண்டதும் அவர் காத்திருக்கவில்லை. மூன்று பேர் உடனே பிடிபட்டார்கள். மற்றவர்கள் புதருக்குள் இருந்து திருப்பிச் சுட்டார்கள். ஏறத்தாழ ஒன்றரை மணிநேரச் சண்டை. பரெட்டும் ஜோர்ஜ் ஜோன்சன், வில்லியம் லெனார்ட் என்ற இரண்டு சிப்பாய்களும் இறந்துபோனார்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்தாலும் எங்கட ஒரு ரியூட்டறி வகுப்புக்கு வருகிற ஆக்களைவிடக் குறைவு.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சண்டை நடந்தது கீழே, கணவாய்ப் பக்கத்தில். யாரும் மலை ஏறவில்லை. இரண்டு, அந்தச் சண்டையில் ஹன்டர் இல்லவே இல்லை. அவர் டூசானில் இருந்தார். மே மாத நடுவில் நகரத்தைக் கைவிட்டுப் போனார், சில நாட்களில் ஒன்றியப் படை வந்து சேர்ந்தது. டூசானைக் கூட்டமைப்பு வைத்திருந்தது மூன்று மாதம்கூட இல்லை. ஆனால் மலையின் மிகக் கடினமான பாதைக்கு அவருடைய பெயர். ஒன்றியப் படையின் கப்டன் கலோவேயின் பெயர், முக்கால் மைல்கூட இல்லாத ஒரு சின்னப் பாதைக்கு. அவருடைய கட்டளையை மீறி இறந்த பரெட்டின் கல்லறை, ரெயில் பாதைக்குப் பக்கத்தில் எங்கோ மண்ணுக்குள் இருக்கிறது.

இந்த இடத்தை உள்நாட்டுப் போரின் மிக மேற்கே நடந்த சண்டை என்று விளம்பரப்படுத்துவதும் உண்டு. அதுவும் முழுக்கச் சரியில்லை. இரண்டு வாரத்துக்கு முதல் ஸ்டான்விக்ஸ் என்ற தரிப்பிடத்தில் ஒரு சின்ன மோதல் நடந்தது, அது இன்னும் மேற்கே. ஆனால் அங்கே கண்ணைக் கவரும் மலை இல்லை. பிக்காச்சோவில் பல வருடங்களாக மார்ச் மாதங்களில் பழைய சீருடை போட்டுச் சண்டையை நடித்துக் காட்டினார்கள். நடந்தது போதாதென்று, பக்கத்து நியூ மெக்சிகோவில் நடந்த பெரிய சண்டைகளையும் கொண்டுவந்து அங்கே நடித்தார்கள். 24 பேரின் சண்டையை வைத்து எவ்வளவு நேரம்தான் காட்டுவது?

சரி, அப்படியென்றால் இந்த வழியை வெட்டியவர்கள் யார்?

1930களின் தொடக்கம். பொருளாதாரப் பெருமந்தம். கோடிக்கணக்கானவர்களுக்கு வேலை இல்லை. 1933இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், இளைஞர்களுக்காக சிவிலியன் கொன்சர்வேஷன் கோர்ப்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் 18 முதல் 25 வயது வரையான, கலியாணம் ஆகாத, வேலையில்லாத ஆண்களைச் சேர்த்தார்கள். மாதச் சம்பளம் 30 டொலர். அதில் 25 டொலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். மரம் நடுவது, காட்டுத்தீ அணைப்பது, பூங்கா கட்டுவது, பாதை வெட்டுவது அவர்களுடைய வேலை. கறுப்பின இளைஞர்களைப் பெரும்பாலும் தனி முகாம்களில் வைத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திட்டம் நல்லது என்பதற்காக அதை மறைக்க ஏலாது.

அந்தக் காலத்தில் இரவில் தபால் கொண்டுபோகும் விமானங்களுக்கு வழிகாட்ட, நாடு முழுக்க நிலத்தில் வெளிச்சக் கோபுரங்கள் வைத்தார்கள். பிக்காச்சோ உச்சியிலும் 40 அடி உயரத்தில் ஒன்று. விளக்கு வைத்தால் போதுமா? அதைப் பழுதுபார்க்க ஆள் ஏற வேண்டுமே. அந்தப் பழுதுபார்ப்பவர்களுக்காகத்தான் இந்த இளைஞர்கள் உச்சிக்கு வழி வெட்டினார்கள். இந்த வழி உண்டானது போருக்காகவும் இல்லை, பொழுதுபோக்குக்காகவும் இல்லை. இருட்டில் யாரோ ஒரு விமானி வழி தவறாமல் போவதற்காக. வெட்டியவர்கள் என்னுடைய வயது, உங்களுடைய வயது. 1968இல் இந்த இடம் மாநிலப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. உச்சிவரை போகும் பாதைக்கு அவர்களில் ஒருவருடைய பெயரும் இல்லை.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், அந்த 1862ஆம் ஆண்டிலேயே கதையை விட்டு வெளியே நிற்கிற வேறு ஆக்கள் இருக்கிறார்கள். கணவாய்க்கு வடமேற்கே கீலா ஆற்றங்கரையில் வாழ்ந்த அகிமெல் ஓதம் மக்கள். அமெரிக்கர்கள் அவர்களைப் பீமா என்று அழைத்தார்கள். ஆற்று நீரைப் பாய்ச்சிக் கோதுமை விளைவித்து, பாலைவனத்தைக் கடந்து போகிற ஆக்களுக்கு விற்றவர்கள். ஒன்றியப் படைக்காக அமி வைட் என்ற வியாபாரி அவர்களிடம் கோதுமை வாங்கிச் சேர்த்திருந்தார். ஹன்டர் அங்கே வந்து வைட்டைச் சிறைப்பிடித்து, 1,500 மூடை கோதுமையைக் கைப்பற்றினார். ஏற்றிப் போக வண்டி இல்லாததால் அதை அந்த மக்களுக்கே திருப்பிப் பங்கிட்டார். கலிபோர்னியாப் படை பாலைவனத்தைக் கடந்ததற்கு அந்த வயல்களின் விளைச்சல் ஒரு பெரிய காரணம். துவக்கைப் பற்றி எழுதுகிற புத்தகங்கள் மாவைப் பற்றி அவ்வளவாக எழுதுவதில்லை.

போர் முடிந்த பிறகு என்ன நடந்தது? 1870களிலிருந்து ஆற்றின் மேற்பகுதியில் குடியேறியவர்கள் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். படைகளுக்குச் சோறு போட்ட சனம் பஞ்சத்தில் விழுந்தது. அவர்களுடைய நீர் உரிமையைத் தீர்த்துவைக்கும் சட்டம் அமெரிக்கக் காங்கிரஸில் நிறைவேறியது 2004இல். ஒன்றரை மணிநேரச் சண்டையை வருடாவருடம் நடித்துக் காட்டினார்கள். நூறு வருடத்துக்கு மேல் இழுபட்ட தண்ணீர்ப் பிரச்சினையை யாரும் நடித்துக் காட்டவில்லை. அதை நடிக்கச் சீருடையும் இல்லை, பீரங்கிச் சத்தமும் இல்லை.

பெயர்ப்பலகை அரசியல் எங்களுக்குப் புதுசில்லை. அதனால்தான் இந்தத் தூரத்து மலையின் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஹன்டரின் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. அதை அரிசோனா மக்கள் தீர்மானிக்கட்டும். ஆனால் வரலாறு படிக்கிற ஆளாக ஒன்று சொல்லலாம். நினைவுச்சின்னங்களை வைத்து ஒரு இடத்தின் வரலாற்றை எழுதினால், துவக்கு வைத்திருந்தவர்களின் வரலாறுதான் வரும். ஒரு பாதையைப் பார்த்தால் அதற்கு யாருடைய பெயர் என்பதோடு நிற்காமல், யார் வெட்டினது, எதற்காக வெட்டினது, அவர்களுக்கு யார் சாப்பாடு போட்டது என்றும் கேட்க வேண்டும். பிக்காச்சோவில் இந்தக் கேள்விகளைக் கேட்டால், ஒரு கப்டனுக்குப் பதிலாக மாதம் 5 டொலரைக் கையில் வைத்துக்கொண்டு மிச்சத்தை அம்மாவுக்கு அனுப்பிய பெடியன்களும், கோதுமை விளைவித்த குடும்பங்களும் கிடைக்கிறார்கள்.