திருப்பணியும் கான்கிரீட் தளமும்

மலாயாத் தோட்டப்புற ஆலயங்கள் தொடக்கத்தில் எளிய வடிவினவாகவே இருந்தன. கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர், மரத்தடியில் கல்லையோ சூலத்தையோ நாட்டி வழிபட்டனர். அதன்மேல் அத்தாப்புக் கூரை வேய்ந்தனர்; பின்னர்த் தகரம் வந்தது; அதன்பின் செங்கல்லும் கான்கிரீட்டும் வந்தன.

இம்மாற்றத்திற்குப் பத்துமலை நற்சான்றாகும். 1920இல் அமைந்த மரப்படிகள் பிற்காலத்தில் அகற்றப்பெற்று, 272 கான்கிரீட் படிகள் எழுந்தன. மரம் உளுத்தால் கண்ணுக்குத் தெரியும். மாற்றும் காலத்தை அறிவது அரிதன்று. கான்கிரீட்டோ உள்ளே நலிந்த பின்னும் வெளியே உறுதியாய்த் தோன்றும்.

போர்ட்லாந்து சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். இரும்பைக் கான்கிரீட்டுள் பொதிக்கும் முறைக்கு 1867இல் பிரான்சு நாட்டு ஜோசப் மோனியே காப்புரிமை பெற்றார். ரோமாபுரியின் பாந்தியன் மாடம் இரும்புக் கம்பியின்றியே ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது. இக்காலத் தளத்திற்கு வலிமை தருவது கம்பியே; அதன் ஆயுளைக் குறைப்பதும் அக்கம்பியின் துருவே.

சிமெண்டின் காரத்தன்மை கம்பியைக் காக்கிறது. கரியமில வாயு மெல்ல உட்புகுந்து அக்காப்பைக் குறைக்கும். மழைக்கசிவும் கடற்காற்றின் உப்பும் துருவை விரைவுபடுத்தும். துரு, இரும்பைவிடப் பன்மடங்கு இடங்கொள்வதால் தளம் வெடித்துப் பெயர்கிறது. பழுப்புக் கறை, கம்பியின் போக்கிலே ஓடும் வெடிப்பு, தட்டினால் எழும் வெற்றொலி ஆகியவை அதன் அறிகுறிகளாம்.

பழுது ஓரிடத்தில் மட்டும் இருப்பின், கசிவை அடைத்து, கெட்ட பகுதியைக் கொத்தியெடுத்து, கம்பியைத் துலக்கிச் செப்பனிடலாம். கம்பிகள் பரவலாக மெலிந்து தளம் தொய்ந்திருப்பின், பொறியாளர் ஆய்வுக்குப் பின் மாற்றுவதே முறை. மேற்பூச்சும் வண்ணமும் பழுதை மறைக்குமேயன்றி நீக்கா.

பழுதுற்ற ஆலயத்தைப் பாலாலயம் செய்து புதுப்பித்து நிகழ்த்தும் குடமுழுக்கினைப் புனராவர்த்தம் என ஆகம மரபு வகுத்துள்ளது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடத்தும் வழக்கம், தளத்தைச் சோதிக்கவும் தக்க வாய்ப்பாகும். வண்ணத்திற்குப் பொருள் ஒதுக்குமுன் தளத்தைச் சோதித்தல் வேண்டும். ஆயினும் துரு பன்னிரண்டு ஆண்டுக் கணக்கை அறியாது. ஆபத்துத் தெரிந்த அன்றே முட்டுக் கொடுத்து, மண்டபத்தை அடைத்தல் கடமை. திருவிழா நாளில் அத்தளத்தின் கீழ் நிற்போர் முதியோரும் குழந்தைகளும் அன்றோ! அவர்தம் உயிரைக் காப்பதும் திருப்பணியே.