சிலோன் எடுக்குமா?

இராமநாதபுரம் சீமையில் ரேடியோ பெட்டி வாங்கப் போனவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்பே கேட்ட கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, சிலோன் எடுக்குமா?" மர்பியோ புஷ்ஷோ பிலிப்ஸோ, கடைக்காரர் முள்ளைத் திருகி கொழும்பை இழுத்துக் காட்ட வேண்டும். கரகரப்பில்லாமல் பாட்டு வந்தால் பெட்டி நல்ல பெட்டி. இன்று லட்சக்கணக்கில் விலை போகும் ஆம்ப்ளிஃபையரையும் ஸ்பீக்கரையும் எடைபோட எத்தனையோ அளவுமானிகள் இருக்கின்றன. ஆனால் இந்தக் கரையில் நல்ல ஒலிக்கான அளவுகோல் பிறந்தது அந்தக் கேள்வியில்தான். அது எப்படிப் பிறந்தது, எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பது கொஞ்சம் சிக்கலான கதை.

முதலில் புவியியல். தனுஷ்கோடி அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கொழும்பு சுமார் 250. திருச்சி அதைவிடக் கிட்டத்தில், 200 கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே 1939 முதல் வானொலி நிலையமும் உண்டு. ஆனாலும் கொழும்புக்கு ஒரு பெரிய அனுகூலம் இருந்தது. மத்திய அலை தரையை ஒட்டியே பயணம் செய்யும். காய்ந்த மண்ணும் பாறையும் அந்த அலையை வழியிலேயே உறிஞ்சிவிடும். உப்புத் தண்ணீர் அப்படிச் செய்யாது. வறண்ட நிலத்தைக் காட்டிலும் கடல்நீர் மின்சாரத்தை ஆயிரம் மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும் என்பதால், அலை அதிகம் தேயாமல் வழுக்கிக்கொண்டு வந்து சேரும். அரிச்சல்முனைக்கும் கொழும்புக்கும் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட முழுக்க மன்னார் வளைகுடா. திருச்சிக்குப் போட்டால் பாதிக்கு மேல் நிலம். பெட்டி நல்லதா என்று நம் ஆட்கள் சோதித்ததில் ஒரு பங்கு பெட்டிக்கு, ஒரு பங்கு கடலுக்கு.

கொழும்பு நிலையத்தின் பிறப்பே கடலோடு சம்பந்தப்பட்டதுதான். 1921இல் இலங்கைத் தந்தித் துறைக்குத் தலைமைப் பொறியாளராக வந்த எட்வர்ட் ஹார்ப்பர், முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிப் பாகங்களை வைத்துச் சோதனை ஒலிபரப்பு நடத்தினார். தந்தி அலுவலகத்தின் ஒரு சின்ன அறையிலிருந்து கிராமபோன் இசை காற்றில் ஏறியது. 1925 டிசம்பர் 16 அன்று கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. (சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924 ஜூலை இறுதியிலேயே ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. கொழும்பின் வயதைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.) இரண்டாம் போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியப் படைத்தலைமை கண்டிக்கு வந்தது. படைவீரர்களுக்காக ரேடியோ சியாக் பிறந்தது. 100 கிலோவாட் சிற்றலைக் கருவியும் வந்தது. போர் முடிந்தபின் அத்தனையும் இலங்கை அரசின் கைக்குப் போய், 1949இல் ரேடியோ சிலோன் ஆயிற்று. 1950 செப்டம்பர் 30 அன்று வர்த்தக ஒலிபரப்பு.

அடுத்த உதவியை டெல்லியே செய்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாட்டு இசை ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தவர். ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு ஒடுங்கிப்போனது. ஜனங்கள் ஒன்றும் சாஸ்திரீய சங்கீதத்துக்குத் திரும்பவில்லை. முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி வரும் வரைக்கும் வடக்கே சிற்றலையிலும் இங்கே மத்திய அலையிலும் சிலோன்தான் ராஜா. தமிழ்ப் பகுதியில் எஸ். பி. மயில்வாகனம், பின்னாளில் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களின் குரலையே ரசித்த ஊர்கள் இவை. ஒரு காது வளர்வதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அந்தக் காது எதைக் கேட்டு வளர்ந்தது என்று பார்க்க வேண்டும். மனிதக் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். மத்திய அலை ஒலிபரப்பில் நிலையத்துக்கும் நிலையத்துக்கும் விடுகிற இடைவெளி 9 அல்லது 10 கிலோஹெர்ட்ஸ்தான். அதனால் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே பெரிதாக ஒன்றும் பெட்டிக்கு வந்து சேராது. பல பெட்டிகளின் உள்வடிகட்டி அதையும் குறைத்துவிடும். ஜால்ராவின் மினுமினுப்பு, 'ஸ' என்று சொல்லும்போது வரும் காற்றின் சீறல், நாகசுரத்தின் கூர்மை எல்லாம் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு அப்பால் இருக்கின்றன. போதாததற்கு இரவில் மின்னல் இரைச்சல் வேறு. அதை அடக்க டோன் குமிழை இடப்பக்கம் திருகிவிடுவார்கள். மீதியிருந்த கொஞ்சநஞ்ச உச்சமும் போய், வெதுவெதுப்பான, சற்றே மூடிய ஒலி ஒன்று வரும். அதைத்தான் 'தெளிவு' என்றார்கள்.

நம் ஊர்க்காரர்களின் அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1945இல் அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலியைச் சேர்ந்த ஹோவர்ட் சின்னும் பிலிப் ஐசன்பெர்கும் நேயர்களை உட்கார வைத்து, குறுகிய அலைவரம்பு, அகலமான அலைவரம்பு என மாற்றி மாற்றிப் போட்டு எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். பெரும்பாலானோர் அகலமானதை விரும்பவில்லை. ஹை-ஃபை வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்த பொறியாளர்களுக்கு இது பேரிடி. ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஹாரி ஓல்சன் இதை நம்பவில்லை. 1947இல் அவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஸ்பீக்கரே இல்லை. ஒரு சிறிய வாத்தியக் குழுவை நேரடியாக வாசிக்க விட்டார். கேட்பவர்களுக்கும் குழுவுக்கும் நடுவே, 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைத் தடுக்கும் பலகைகள். அவற்றைத் திறக்கலாம், மூடலாம். முன்னால் திரை இருந்ததால் எது நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மூவரில் இருவருக்கு மேல் பலகை திறந்திருந்தபோது வந்த முழு ஒலியையே தேர்ந்தெடுத்தார்கள். அப்படியானால் ஜனங்கள் வெறுத்தது உச்ச ஒலியை இல்லை. அன்றைய கருவிகள் அந்த உச்சத்தோடு சேர்த்துக் கொட்டிய இரைச்சலையும் சிதைவையும்தான். டோன் குமிழைத் திருகிய நம் பெரியவர் சரியான வேலையைத்தான் செய்திருக்கிறார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். 1956இல் ரோஜர் கிர்க் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களைப் பிரித்து, ஒரு சாராருக்குக் குறுகிய ஒலியையும் இன்னொரு சாராருக்கு முழு ஒலியையும் சில வாரங்கள் தொடர்ந்து கேட்கக் கொடுத்தார். கடைசியில் அவரவர் கேட்டுப் பழகியதன் பக்கமே அவரவர் விருப்பம் நகர்ந்திருந்தது. காது நீதிபதி என்கிறோம். அந்த நீதிபதி தினமும் யார் வீட்டில் சாப்பிடுகிறாரோ அவர் பக்கம் சாய்கிறார். சிலோன் வானொலியில் ஒரு தலைமுறை முழுவதும் சாப்பிட்டது.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி போயிற்று. ரயில், துறைமுகம், கப்பல் மாறுவதற்காக வந்து இறங்கும் கூட்டம் எதுவும் அங்கே திரும்பவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் கீழக்கரை, தொண்டிப் பக்கத்து வீடுகளுக்கு வளைகுடா நாடுகளிலிருந்து நேஷனல் பானசோனிக்கும் சோனியும் டூ-இன்-ஒன்னாக வந்திறங்கின. கேசட்டில் முன்பு கேட்காத உச்சமெல்லாம் வந்தது. இளவட்டங்கள் ட்ரெபிளை முழுக்க ஏற்றினார்கள். பெரியவர்களுக்கோ "காதைக் குத்துது". இரு சாராரும் கேட்டது ஒரே கருவியைத்தான்.

அந்த 1964இல்தான் அமெரிக்காவில் அமர் போஸ் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். வங்காளத்து விடுதலைப் போராளி ஒருவரின் மகன். சிறுவயதில் ரேடியோ பழுதுபார்த்துக் கைச்செலவுக்குச் சம்பாதித்தவர். 1956இல் எம்.ஐ.டி.யில் படிக்கும்போது, காகிதத்தில் அச்சிட்ட எண்களை நம்பி விலையுயர்ந்த ஸ்டீரியோ ஒன்றை வாங்கி, கேட்டதும் நொந்துபோனவர். அரங்கில் நம் காதுக்கு வருவதில் பெரும்பகுதி சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி என்று கண்டு, 1968இல் 901 என்ற ஸ்பீக்கரைச் செய்தார்: ஒன்பதில் எட்டு சுவரைப் பார்த்தபடி, ஒன்றுதான் நம்மைப் பார்த்தபடி. ஒலிப்பித்தர்கள் இன்றைக்கும் அதை வைத்துச் சண்டை போடுகிறார்கள். ராமநாதசுவாமி கோயில் பிராகாரத்தில் நாகசுரம் கேட்டவர்களுக்குப் போஸ் சொன்னது உடனே புரியும்; சண்டை தேவைப்படாது.

எண்ணையும் நம்பமுடியாது, காதையும் முழுதாக நம்பமுடியாது என்றானபின் பிறந்ததுதான் இன்றைய மறைவுச் சோதனை. அ, ஆ என்று இரண்டு கருவி. இப்போது ஒலிப்பது எது என்று சொல்லாமல் கண்டுபிடிக்கச் சொல்வது. பெல் ஆய்வகத்தில் மன்சனும் கார்ட்னரும் 1950இல் இதன் ஆதி வடிவத்தைச் சொன்னார்கள். 1982இல் டேவிட் கிளார்க் வீட்டுக் கருவிகளுக்கு அதைக் கொண்டுவந்தார். 1994இல் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் தங்கள் ஹார்மன் நிறுவனத்து ஊழியர்களையே உட்கார வைத்தார்கள். ஸ்பீக்கர் கண்ணுக்குத் தெரிந்தபோது பெரியதும் அழகானதும் நல்ல மதிப்பெண் வாங்கின. திரை போட்டதும் மதிப்பெண் மாறியது. மரப்பெட்டியின் மெருகும் விலைச்சீட்டும் நம் காதுக்குள் நுழைந்து வேலை செய்கின்றன என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஒலிக் கடைக்குப் போகிறவர் மூன்று காரியம் செய்யலாம். இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஒலியளவு ஒன்றாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டெசிபல் கூடினாலே சத்தமானது தரமானதாகத் தோன்றும், விற்பவருக்கும் இது தெரியும். மாற்றுகிற வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். "நூறு மணி நேரம் ஓடினால்தான் கருவி பழகும், பிறகு பாருங்கள்" என்று யாராவது சொன்னால், பழகப்போவது பெரும்பாலும் உங்கள் காதுதான் என்று கிர்க்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை என்ற சமுதாய வானொலி பண்பலையில் மீனவர்களுக்காக ஒலிக்கிறது. பண்பலை 15,000 ஹெர்ட்ஸ் வரை கொடுக்கும்; சிலோன் கொடுத்ததைப்போல் மூன்று மடங்கு. இருந்தும் பழைய ஆட்கள் பலருக்குச் சிலோன் போல் ஒன்றும் இல்லை. அவர்களோடு வாதாட வேண்டாம். ஆனால் நீங்கள் புதிதாக ஸ்பீக்கர் வாங்குகிறவராக இருந்தால், கடைக்குப் போவதற்கு முதல் நாள் மாலை கோயிலிலோ கல்யாண வீட்டிலோ மைக் வைக்காத நாகசுரத்தையும் தவிலையும் ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுப் போங்கள். அதே வாத்தியங்களின் பதிவு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அதைத்தான் முதலில் போடச் சொல்லுங்கள்.