கொழும்புத் தமிழ்மொழிமூல வகுப்புகளில் சமூகநீதிக் கல்வி

இனம், மதம், மொழி, சாதி, வருமானம் சார்ந்த ஏற்றத்தாழ்வுகளை மாணவர் விளங்கிக்கொள்ளவும் கேள்வி கேட்கவும் பழக்குவது சமூகநீதிக் கல்வி. இலங்கையில் இதற்குத் தனிப் பாடம் இல்லை. குடியியற் கல்வி, வரலாறு, சமயம், இரண்டாம் தேசிய மொழி ஆகிய பாடங்களுக்குள் இது சிதறிக் கிடக்கிறது. இவற்றை இணைத்துப் பார்க்கும் பொறுப்பு ஆசிரியருடையது.

1945இல் வந்த இலவசக் கல்வியும் தாய்மொழிவழிப் போதனையும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்தன. அதே ஏற்பாட்டில் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் வெவ்வேறு வகுப்புகளுக்குப் போயினர். 2002இல் தரம் 6இலிருந்து சில பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கியபோது சில பாடசாலைகளில் மீண்டும் ஒன்றாக அமர்ந்தனர். ஆயினும் தமிழ்மொழிமூல வகுப்பை ஒரே அச்சில் வார்த்ததாக நினைப்பது தவறு. வெள்ளவத்தையில் வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள், கொட்டாஞ்சேனையில் மலையக வேர் கொண்ட குடும்பத்தினர், இந்துக்கள், கத்தோலிக்கர், முஸ்லிம்கள் எனப் பலர் அதில் உண்டு. சமய பாடவேளை வந்ததும் அந்த வகுப்பும் பிரிந்துவிடும்.

கற்பிக்கத் தூர தேசத்து உதாரணங்கள் வேண்டியதில்லை. 1883 உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையில் குணானந்த தேரரின் விகாரைக்குச் சென்ற பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டுக் கத்தோலிக்க, பௌத்த மோதல் மூண்டது. நீதி கிடைக்கவில்லை என்ற பௌத்தரின் மனக்குறையை, அவர்களுக்குத் துணைநின்ற அமெரிக்கரான ஒல்கொட் இலண்டன் வரை கொண்டுசென்றார். 1885இல் வெசாக் பொது விடுமுறையாயிற்று. 2019இல் இன்னொரு உயிர்த்த ஞாயிறன்று, அருகிலுள்ள கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் இஸ்லாமியத் தீவிரவாதிகளின் குண்டு வெடித்தது. அதன்பின் நாடெங்கும் முஸ்லிம்கள் சந்தேகத்துடன் பார்க்கப்பட்டனர். ஒரு சிலர் செய்த குற்றத்துக்கு ஒரு சமூகமே பதில் சொல்ல வேண்டுமா என்ற கேள்விக்கு, 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறையை அனுபவித்த வெள்ளவத்தைக் குடும்பங்களிடம் விடை இருக்கிறது.

மிகக் கூர்மையான பாடம் பல்கலைக்கழக அனுமதிதான். 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலால், மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்குத் தமிழ்மொழிமூல மாணவர் கூடுதல் புள்ளி பெற வேண்டியதாயிற்று. அது அநீதி என்பதில் வகுப்பில் பெரும்பாலும் கருத்து வேறுபாடு எழாது. விவாதம் சூடுபிடிப்பது பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீட்டில். இன்றைய முறையில், கலைத்துறை போன்ற விதிவிலக்குகள் தவிர, 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும் 55 வீதம் மாவட்டங்களுக்கும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. தனியார் வகுப்புகள் நிறைந்த கொழும்பில் வெட்டுப்புள்ளி உயர்வு. அதைவிடக் குறைந்த புள்ளியுடன் முல்லைத்தீவு மாணவி மருத்துவபீடம் செல்லக்கூடும். தரப்படுத்தலையும் மாவட்ட ஒதுக்கீட்டையும் 'புறக்கணிப்பு' என்று ஒரே மூச்சில் சொல்லும் மாணவரை நிறுத்தி, வேறுபாட்டை யோசிக்கச் செய்யும் ஆசிரியரே இப்பாடத்தை நடத்துகிறார்.

அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சாதியின் பெயராலும் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. இந்தச் சாதிப் பிரச்சினையைத்தான் தமிழ் வகுப்பறைகள் தொடத் தயங்குகின்றன. சிங்களப் பெரும்பான்மையிடம் நீதி கேட்கும் சமூகம் தன் வீட்டுக்குள்ளும் அதே அளவுகோலை வைக்க வேண்டும்.

சமூக ஒருங்கிணைவுக்கும் சமாதானத்துக்குமான கல்விக் கொள்கை 2008இல் வெளியானது. ஆனாலும் சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயம் கட்டாயப் பாடம். குடியியற் கல்வி விரும்பினால் எடுக்கும் பாடம்.