அமைதியும் விடுதலையும் கற்பித்த அகதி

பண்டை உரோம வரலாற்றில் துறைபோகியவர் அர்னால்டோ மொமில்யானோ. 1908-இல் இத்தாலியில் யூதக் குடும்பத்தில் தோன்றிய இவர், 1936-இல் தூரின் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1938-ஆம் ஆண்டின் இனச் சட்டங்கள் அப்பதவியைப் பறித்தன. 1939-இல் ஆக்சுபோர்டு சேர்ந்தவர்க்கு நிலையான பணி வாய்க்கவில்லை. அகதி அறிஞர்க்கான சிறு உதவித்தொகையே பற்றுக்கோடாயிற்று.

1940-இன் தொடக்கத்தில் கேம்பிரிட்சில் தற்காலிகமாகச் சொற்பொழிவாற்றும் வாய்ப்புக் கிட்டியது. அவர் எடுத்துக்கொண்ட பொருள், பண்டை உலகில் அமைதியும் விடுதலையும்! அவ்வாண்டிலேயே பகைநாட்டார் எனக் காவலில் வைக்கப்பெற்றார். பின்னர், இத்தாலியிலிருந்த பெற்றோரும் நாசி முகாமிற்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர்.

எனினும் ஆய்வைக் கைவிட்டாரல்லர். 1951 முதல் 1975 வரை இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கினார்.

நிலையாப் பணியிலும் தம் காலத்திற்கு மிகத் தேவையான பாடத்தையே தேர்ந்த அவ்வுள்ளம், ஆசிரியர் ஒவ்வொருவர்க்கும் வேண்டுவதன்றோ?