குதிரைக் குருதியிலிருந்து கணினிப் புரதம் வரை

நாகத்தின் நஞ்சு நரம்பை அழிப்பதில்லை. நரம்பு அனுப்பும் செய்தியைத் தசை ஏற்கும் வாயிலை அடைத்துவிடுகிறது. மூச்சுத் தசைகள் செயலிழக்க, உயிர் பிரிகிறது.

இதற்கு 1890களில் ஆல்பர் கால்மெட் கண்ட வழியே இன்றும் அடிப்படை. குதிரைக்குச் சிறுகச் சிறுக நஞ்சேற்றி, அதன் குருதியில் தோன்றும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பதே அது. இந்தியாவில் அந்நஞ்சின் பெரும்பகுதியைத் தந்தோர் இருளர். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வணிகம் நின்றது. பிழைப்பிழந்த அவர்களுக்கென 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. ரோமுலஸ் விட்டேக்கர் துணைநின்றார். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சைச் சேகரித்தபின் பாம்புகளை மீண்டும் காட்டில் விடுகின்றனர்.

2024இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்க ஸ்கிரிப்ஸ் ஆய்வகமும் இணைந்து, நரம்பு நஞ்சைத் தடுக்கும் செயற்கை மனித எதிர்ப்பொருளை அறிவித்தன. 2025 சனவரியில் டேவிட் பேக்கர், டிமோத்தி ஜென்கின்ஸ் குழுவினர் கணினியில் வடிவமைத்த சிறுபுரதங்கள் எலிகளைக் காத்ததாக அறிவித்தனர். இவற்றுக்குக் குதிரை தேவையில்லை; நுண்ணுயிரிகளில் உருவாக்கலாம்.

ஆயினும் இப்புரதங்கள் தடுப்பது நாக இனத்தின் ‘முவ்விரல்’ நச்சுகளை மட்டுமே. குருதியைக் கெடுக்கும் விரியன் நஞ்சுக்குக் குதிரை மருந்தே இன்றும் துணை. புதிய புரதத்தைச் சோதிக்கவும் இயற்கை நஞ்சே வேண்டும். வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருளர் இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நஞ்சுமுறியின் வரலாறு ஆய்வகத்தில் மட்டும் எழுதப்பட்டதன்று. வயல்வரப்பில் பாம்பின் தடமறிந்தோரும் அதன் ஆசிரியர்களே.