தலைக்காயக் குடும்பச் சுமை (ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரம்)

விபத்தில் மூளை அடிபட்டவரை வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பத்தாருக்கு ஏற்படும் பண, உடல், மன நெருக்கடி. இந்தியாவில் மூளைக்காயங்களில் ஏறக்குறைய 60 விழுக்காடு சாலை விபத்தால் வருவதாக பெங்களூரு மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் தொற்றுநோயியலாளர் ஜி. குருராஜ் கணித்தார். பெங்களூருச் சாலையும் சென்னைச் சாலையும் கிருஷ்ணகிரியில் கூடுகின்றன. ஓசூரில் டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் ஆலைகளின் ஷிப்டு மாறும் நேரத்தில் இருசக்கர வாகனங்கள் நெடுஞ்சாலையை நிறைக்கின்றன. எனவே இவ்வட்டாரத்துக்கு இது அயலார் துன்பமன்று.

நோயாளியோடு குடும்பத்தையும் கணக்கில் கொள்ளும் வழக்கம் இந்தியாவில் மனநல மருத்துவமனைகளில் பிறந்தது. 1950-களில் அமிர்தசரஸில் மருத்துவர் வித்யாசாகர், உறவினர்களை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்க வைத்தார். 1957-இல் வேலூர் சி.எம்.சி. தொடங்கிய மனநல மையம், உறவினர் ஒருவர் உடன் தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாக்கியது. ஆள் பற்றாக்குறைக்குச் செய்த ஏற்பாடு இது என்பாரும் உண்டு. ஆனால் அதன் பலன் ஐயத்துக்கு இடமற்றது. 1974-இல் மனநல மருத்துவமனையும் அகில இந்திய மனநலக் கழகமும் இணைந்து பெங்களூரில் நிம்ஹான்ஸ் உருவாயிற்று. அதன் முகவரியே ஓசூர் சாலைதான். 1981-இல் ஷைலா பாய், ஆர். எல். கபூர் ஆகிய இருவரும் பெங்களூரில் வகுத்த குடும்பச் சுமை நேர்காணல் அட்டவணை, சுமையை ஆறு வகையாகப் பிரித்தது: பணம், அன்றாட வேலை, ஓய்வு, உறவு, வீட்டாரின் உடல்நலம், வீட்டாரின் மனநலம். மொத்தம் 24 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மனநோயாளிகளின் வீட்டாருக்காக எழுதப்பட்ட இந்த அட்டவணையைப் பிற்காலத்தில் தலைக்காயக் குடும்பங்களிடமும் பயன்படுத்தினர்.

காயத்தைத் தரம் பிரிப்பது கிளாஸ்கோ கோமா அளவுகோல் (1974). 13–15 இலேசானது, 9–12 நடுத்தரம், 8-உம் அதற்குக் கீழும் கடுமையானது. கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றையும் அது அளக்கும். வீட்டுக்கு வந்தபின் எழும் கோபத்தை அளக்காது. அதே கிளாஸ்கோ நகரில் புரூக்ஸ் குழுவினர் 1986-இல் உறவினர்களையே கேட்டு எழுதினர். ஆளின் குணம் மாறிவிட்டது என்றவர்கள் முதலாண்டில் 60 விழுக்காடு, ஐந்தாம் ஆண்டில் 74. நாள் செல்லச் செல்லச் சரியாகிவிடும் என்று அக்கம்பக்கத்தார் சொல்லும் ஆறுதலுக்கு நேர்மாறான கணக்கு இது. கை கால் விளங்காமை ஊராருக்குத் தெரியும். "ஆள் முன்ன மாதிரி இல்லை" என்பது மனைவிக்கும் தாய்க்கும் மட்டுமே தெரிந்தது.

சமாளிக்கும் வழிகள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்தே வருகின்றன. நகை அடகுக்குப் போகும். ஊரிலிருந்து மாமியாரோ அம்மாவோ வந்து தங்குவார். பகல் ஷிப்டுக்கு மனைவி கம்பெனி வேலைக்குப் போவார். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து அறையெடுத்துத் தங்கும் தொழிலாளிக்கு இந்த வழி எதுவுமில்லை.

சட்டத்தின் துணை துண்டு துண்டாகக் கிடைக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம், தமிழக எல்லைக்குள் விபத்துக்குள்ளானவர் எந்த மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. வேலைக்குப் போகும், திரும்பும் வழியில் நேரும் விபத்தை 2010 திருத்தத்துக்குப் பின் இ.எஸ்.ஐ. பணிக்காயமாகக் கொள்கிறது, தற்காலிக முடக்கத்துக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு தரப்படும். 2020-இல் உச்ச நீதிமன்றம், தலைக்காயமுற்ற சிறுமி ஒருவரின் வழக்கில், உடனிருந்து பார்த்துக்கொள்வோரின் உழைப்புக்கும் ஆண்டுக்கணக்கில் விலை வைத்து இழப்பீடு கூட்டியது. வீட்டுப் பெண்களின் உழைப்பைக் கணக்கில் எழுதிய தீர்ப்பு என்ற வகையில் இது முக்கியமானது.

கிருஷ்ணகிரியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சிகிச்சைக்கு இடம் அருகிலிருந்தாலும், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) பட்டியலிடும் 21 குறைபாடுகளில் மூளைக்காயத்துக்குத் தனி வரி இல்லை. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வேண்டும் குடும்பம், கை கால் இயக்கம், பேச்சு, மனநோய் என வேறொரு பெயரின் கீழ்தான் விண்ணப்பிக்க வேண்டும்.