மலைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம்

1990 ஜூலையில் நான் பி.எஸ்சி. சேர்ந்தபோது விடுதியில் எனக்கு வாய்த்த அறைத்தோழர்கள் இருவர். ஒருவருக்கொருவர் மாமன் மகன், அத்தை மகன் முறை. ஒருவன் ஊர் மேட்டூர்ப் பக்கம் பாலமலை; மற்றவனுக்கு அந்தியூருக்கு மேலே பர்கூர் மலை. இருவரும் ‘மலையாளி’ என்னும் பழங்குடியினர். (கேரளத்து மலையாளி அல்ல. இதைச் சொல்லிச் சொல்லியே முதல் வருஷம் அவர்களுக்கு வாய் வலித்துப்போச்சு!)

அது ஒரு முக்கியமான வருஷம். அதுவரை தமிழ்நாட்டில் ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்தே 18 சதவீத இடஒதுக்கீடு இருந்தது. 1990-ல்தான் பழங்குடியினருக்கென்று தனியாக 1 சதவீதம் வந்தது. “ஒண்ணுதானாடா?” என்று விவரம் தெரியாமல் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். மலையிலிருந்து இறங்கி வருகிறவனுக்கு அந்த ஒன்று எவ்வளவு பெரிசு என்று பிறகுதான் புரிந்தது.

அதை வாங்கவும் சான்றிதழ் வேண்டுமே! 1989 நவம்பரிலிருந்து பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தரமுடியாது, கோட்டாட்சியர்தான் தரவேண்டும் என்றாகிவிட்டது. பாலமலைக்காரன் அலையாய் அலைந்து வாங்கிவிட்டான். இடமும் கிடைத்தது, உதவித்தொகையும் கிடைத்தது.

பர்கூர்க்காரன் அலைந்தும் பயனில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய ஆறு மாவட்டத்து மலையாளிகள் மட்டுமே பழங்குடியினர். பர்கூர் அன்று கோவை மாவட்டத்தில் இருந்தது. 1979-ல் பெரியார் மாவட்டம் ஆனது, பின்பு ஈரோடு மாவட்டம் ஆனது. மாவட்டத்தின் பேர்தான் மாறியது, பட்டியல் மாறவில்லை. ஒரே குலம், ஒரே கோயில், கொள்வினை கொடுப்பினை எல்லாம் உண்டு. சட்டத்துக்கு மட்டும் வேறு வேறு ஆட்கள்!

அவன் பொதுப் போட்டியில் மார்க் எடுத்து வந்தவன். எங்கள் மூவரில் கணக்கில் கெட்டிக்காரன் அவன்தான், எனக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறான். இரண்டாம் வருஷம் மெஸ் பாக்கி ஏறியது. நாங்கள் கையில் இருந்ததைப் போட்டு ஒரு மாசம் ஓட்டினோம். தீபாவளி லீவுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. டிரங்குப் பெட்டி மார்ச் வரைக்கும் கட்டிலடியிலேயே கிடந்தது.

2023 ஜனவரியில் நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள், சந்தோஷம். அந்தத் திருத்தத்திலும் ஈரோட்டு மலையாளிகள் இல்லை.

பாலமலைக்காரன் பிள்ளைகள் இரண்டும் பட்டதாரிகள். பர்கூர்க்காரன் மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். இந்த மலருக்காக விலாசம் தேடிப் பிடித்துப் போன் செய்தபோது, பழைய கதையெல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியாகக் கேட்டான்: “நம்ம காலேஜ்ல இப்ப ஹாஸ்டல் பீஸ் எவ்வளவுடா?”